மாற்றுத்திறனாளிக்கு வேலை: நெல்லை மாவட்டத்தில் எங்கே தொடங்கி எப்படிப் போவது?

வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒன்று படித்து முடித்ததும் சொந்தபந்தம் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கவர்மெண்ட் கோட்டாவில ஏதாவது பாக்கலாமே?" கோட்டா இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசுப் பணிகளில் 4 சதவீதம். ஆனால் அதை மட்டும் நம்பி இருபத்தைந்து வயதில் காத்திருக்க ஆரம்பித்தவர், முப்பத்தைந்திலும் அதே திண்ணையில் இருப்பதை பாளையங்கோட்டையிலும் பார்க்கலாம், பத்தமடையிலும் பார்க்கலாம். அதனால் இங்கே அரசு வேலை கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைக்காமல் போனவர்களைவிட, கிடைத்த வேலையை மூன்றாம் மாதமே விட்டுவிட்டு வந்தவர்கள்தான் என் கண்ணில் அதிகம் படுகிறார்கள். பெரும்பாலும் திறமைக் குறைவு காரணமாக இருக்காது. பஸ், படிக்கட்டு, கழிப்பறை என்று காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

முதலில் ஆளையும் வழியையும் பாருங்கள்

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து, வேலைக்குப் போகப் போகிறவரே எழுதட்டும். முடியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல வீட்டார் எழுதலாம். ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, நிற்க முடிகிறது? எந்தக் கையில் பிடிமானம் இருக்கிறது? செய்தித்தாள் எழுத்து தெரிகிறதா, தலைப்பு மட்டும்தானா? சத்தமான இடத்தில் ஒருவர் பேசுவது புரிகிறதா? மாத்திரை போட்டால் எந்த நேரத்தில் தூக்கம் வருகிறது? மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் ஷிப்டையே முடிவு செய்யும். காலையில் மந்தமாக இருப்பவரை ஆறு மணி ஷிப்டில் சேர்த்துவிட்டு, "சோம்பேறி" என்று பேர் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

வேலை மதிப்பீட்டு மையங்களில் நிபுணர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். எது போயிற்று என்பதைவிட எது மிச்சம் இருக்கிறது, அதைக் கொண்டு எந்த வேலையைச் செய்யலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

அப்புறம் வழி. பத்தமடையில் இருந்து கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. போய்ப் பார்த்தால்தான் தெரியும்: ஊரில் இருந்து ஒரு பஸ், டவுனில் மாறி இன்னொரு பஸ், நாற்கரச் சாலையில் இறங்கினால் அங்கிருந்து கம்பெனி கேட் வரைக்கும் நடை. காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிப் பட்டை) போட்டவருக்கு முதல் இரண்டு பஸ்ஸும் சமாளிக்கக் கூடியவைதான். வெயிலில் அந்தக் கடைசி நடைதான் ஆளை வீழ்த்தும். கம்பெனி வேன் வரும் என்பார்கள். வேன் எந்த இடத்தில் நிற்கும், பாலத்துக்கு மேலேயா கீழேயா, படி எவ்வளவு உயரம், ஓவர்டைம் முடிந்து வரும்போதும் வேன் உண்டா என்று கேளுங்கள். வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒருநாள், அதே நேரத்தில், அதே பஸ்ஸில் போய் வந்துவிடுங்கள். துணைக்கு ஆள் வரலாம். கூட்டிக்கொண்டு போகக் கூடாது. வழியைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் வேலைக்குப் போகிறவர்தான்.

செலவு பற்றி: அரசு சாதாரண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை, வெளியூர் அரசுப் பஸ்களில் கட்டணச் சலுகை இருக்கிறது. கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இலவசமாகத் தருகிறது. வேலை செய்வதற்கோ படிப்பதற்கோ சான்று இருந்தால் மனு வலுவாக இருக்கும். வண்டி வந்த பிறகு வேலை தேடலாம் என்று இருக்காதீர்கள், வரிசை நீளம்.

காகிதம்

எல்லாவற்றுக்கும் தாய்க் காகிதம் தனித்துவ அடையாள அட்டைதான். ஆபீஸில் கேட்டால் "யுடிஐடி" என்பார்கள். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை வேண்டும். மருத்துவ மதிப்பீட்டுக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். வட்டார அளவில் முகாம்களும் நடக்கும். முகாம் தேதியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டால் ஒரு அலைச்சல் மிச்சம். அந்த அலுவலகம் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கிறது.

முகாமுக்குப் போகும்போது பழைய சீட்டு, எக்ஸ்ரே, காது பரிசோதனை ரிப்போர்ட், மனநலச் சிகிச்சைப் பதிவு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கால், கை பாதிப்புகளை நேரில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். காது கேளாமைக்கும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் தனிப் பரிசோதனை வேண்டும், அதற்கு இன்னொரு நாள் வரச் சொல்லலாம். ஒரே நாளில் முடியவில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம்.

இதில் நம் ஊர்க்காரர்களை வாட்டுவது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் "முருகன் ச.", ஆதாரில் "சங்கரன் முருகன்", ரேஷன் கார்டில் வெறும் "முருகன்". மூன்றும் ஒரே ஆள் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யுடிஐடிக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள். அட்டை கைக்கு வந்த பிறகு திருத்தப் போனால் வங்கி, பி.எஃப்., தேர்வு விண்ணப்பம் என்று ஒவ்வொன்றாக இடிக்கும்.

சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பார்வை, செவி, கை கால் மட்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஆட்டிசம், மனநோய், குள்ளத்தன்மை, தசைச்சிதைவு, ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள், கற்றல் குறைபாடு, தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு எல்லாம் இதில் அடக்கம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருக்க வேண்டும். சான்றிதழ் நிரந்தரமா, குறிப்பிட்ட தேதி வரைக்குமா என்று கையில் வாங்கியதுமே பாருங்கள். சின்ன வயதில் வாங்கிய சான்றிதழ் காலாவதியாகி இருப்பது நேர்காணல் அன்றுதான் பலருக்குத் தெரிகிறது.

"சதவீதத்தைக் கூட்டி வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்யாகச் சலுகை பெற்றால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. தரகர் தப்பிவிடுவார், அட்டையில் இருப்பது உங்கள் படம்.

இன்னொன்று, தென்காசிக்காரர்களுக்கு. 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆலங்குளம், கடையம், சங்கரன்கோவில் முகவரி என்றால் உங்கள் அலுவலகங்கள் தென்காசியில். பழைய பழக்கத்தில் கொக்கிரகுளம் வந்து வரிசையில் நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகம்

அட்டை கைக்கு வந்ததும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள், மாற்றுத்திறனாளி என்ற விவரத்தோடு. ஏற்கெனவே பதிவு இருந்தால் அந்த விவரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பலருக்கு இது விட்டுப்போய் இருக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பதிவு செய்து ஓராண்டு ஆகியும் வேலை இல்லை என்றால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மாதம் 600 ரூபாய், பன்னிரண்டுக்கு 750, பட்டதாரிக்கு 1,000. பெரிய தொகை இல்லைதான். பயிற்சிக்குப் போகும் காலத்துச் சில்லறைச் செலவுக்கு ஆகும்.

அதைவிடப் பெரிய உபயோகம் அங்கே இரண்டு இருக்கிறது. போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடத்தும் தன்னார்வப் பயிலும் வட்டம் ஒன்று. தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் இன்னொன்று. முகாமுக்குப் போனால் எல்லா மேசையிலும் பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டு வரும் பழக்கத்தை விடுங்கள். மாற்றுத்திறனாளிகளை எடுக்கும் கம்பெனிகள் எவை என்று முகாம் நடத்தும் அலுவலரிடம் கேட்டு, அந்த மேசைகளில் நின்று பேசுங்கள்.

பயிற்சி: எது உருப்படி?

பயிற்சிச் சான்றிதழ் மட்டும் ஏழெட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தையல், மெழுகுவத்தி, ஊதுபத்தி, கம்ப்யூட்டர் அடிப்படை. நடத்துபவர்களுக்குக் கணக்குக் காட்ட ஆள் வேண்டும், நமக்கும் மறுக்க மனம் வராது. சேருவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன பேட்ச் இப்ப எங்கே வேலை பாக்குது?" பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அரசு ஐ.டி.ஐ. பேட்டையில் இருக்கிறது, அம்பாசமுத்திரத்திலும் இருக்கிறது. உட்கார்ந்து செய்யக்கூடிய பிரிவுகளும் உண்டு. ஒர்க்‌ஷாப்பை நேரில் பார்த்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். மாவட்டத்தின் முன்னோடி வங்கி (ஆபீஸில் "லீட் பேங்க்" என்பார்கள்) நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கட்டணம் இல்லை, சாப்பாடும் அவர்களே. சொந்தத் தொழில் நினைப்பு இருப்பவர்களுக்கு அது நல்ல இடம், ஏனென்றால் பயிற்சிக்குப் பிறகு வங்கிக் கடனுக்கும் அவர்களே வழி சொல்வார்கள்.

செவித்திறன் குறைந்தவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் பாளையங்கோட்டைக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியும், ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும் நூறு ஆண்டுகளைத் தாண்டியவை. அங்கே படித்தவர்களின் வட்டம்தான் உண்மையான வேலைவாய்ப்பு அலுவலகம் என்று சொல்வேன். எந்த அச்சகத்தில், எந்தத் தையல் கூடத்தில் சைகை மொழி தெரிந்த மேஸ்திரி இருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும் நெல்லைக்காரர்களும் போகலாம். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்கள் வேலைப் பயிற்சிக்கு முன்னால் படுக்கையில் இருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர்ப்பையைப் பார்த்துக்கொள்வது போன்றவற்றைப் பழக வேண்டும். அதற்கு இப்படி ஒரு இடத்தில் தங்கிப் பழகுவது நல்லது. இதைப் பழகாமல் நேராக வேலைக்கு அனுப்பினால் படுக்கைப்புண்ணோடு திரும்பி வருவார்.

ஆளுக்கு எந்த வேலை பொருந்தும் என்று முறையாக மதிப்பிட வேண்டும் என்றால் சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. முன்பு தொழில் மறுவாழ்வு மையம் என்ற பெயரில் இயங்கியது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம். எல்லாருக்கும் தேவை என்று சொல்ல மாட்டேன். விபத்துக்குப் பிறகு பழைய வேலைக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு உதவும்.

வீட்டு வேலை என்ற வலை

முக்கூடல் பக்கம் பீடி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், பத்தமடையில் பாய். வீட்டில் இருந்தே செய்யலாம் என்பதால் மாற்றுத்திறனாளிப் பெண்களை அதில் உட்கார வைத்துவிடுகிறார்கள். தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள். பீடித்தட்டை மடியில் வைத்து நாள் முழுக்கச் சுற்றுவது மகள். கம்பெனிக் கணக்கில் இருப்பது அம்மா பெயர். ஆயிரம் பீடிக்கான கூலி அம்மா கைக்கு வருகிறது, பி.எஃப். அம்மாவுக்குச் சேர்கிறது. பத்து வருடம் சுற்றியும் அந்தப் பெண் எந்தக் கணக்கிலும் தொழிலாளி இல்லை. வீட்டு வேலைதான் என்று முடிவானால் தொழிலாளர் அட்டையும் பி.எஃப். எண்ணும் அவள் பெயரில் இருக்கட்டும், கூலி அவள் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். நெஞ்சுச்சளி, மூச்சிரைப்பு இருப்பவர்களைப் புகையிலைத் தூசியில் உட்கார வைக்காதீர்கள்.

நேர்காணலில் என்ன சொல்வது?

"எனக்குக் கால் முடியாது சார், பாத்துப் பண்ணுங்க" என்று தொடங்கினால் கேட்பவருக்கு இரக்கம் வரும், வேலை வராது. குறையைச் சொல்லும்போதே அதற்கான ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். தையல் கூடத்துக்குப் போன காது கேளாத பெண் ஒருவர் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனார்: "எனக்குக் காது கேட்காது. பவர் மெஷின் இரண்டு ஆண்டு ஓட்டி இருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் தோளைத் தொடுங்கள் அல்லது எழுதிக் காட்டுங்கள். மாதிரி ஒன்று கொடுத்தால் அதைப் பார்த்துத் தைப்பேன்." சூப்பர்வைசர் ஒரு காலரைக் கொடுத்தார், அந்தப் பெண் தைத்துக் காட்டினார், வேலை கிடைத்துவிட்டது. அப்புறம் அவர் கேட்டு வாங்கியது ஒன்றுதான்: தீ விபத்துச் சங்கு ஊதினால் தெரிய, அவர் வரிசைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு.

இப்படிக் கேட்பது சலுகை ஆகாது. பெரும்பாலான ஏற்பாடுகளுக்குச் செலவும் அதிகம் இல்லை: கீழ்த்தளத்தில் ஒரு இடம், சாய்ந்து உட்கார நாற்காலி, கால் மிதிக்குப் பதில் கைப்பிடி. பார்வையற்றவருக்குக் கம்ப்யூட்டரில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் வேண்டும், என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி செய்கிறோம் என்று சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. நேர்காணலில் சட்டப் புத்தகத்தை நீட்ட வேண்டாம். சேர்ந்த பிறகு மனிதவளப் பிரிவில் பக்குவமாகக் கேளுங்கள்.

கழிப்பறையைப் பார்க்காமல் வரக் கூடாது. கூச்சமாக இருக்கும். "ரெஸ்ட் ரூம் எங்க இருக்கு சார்?" என்று கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். அங்கே போக முடியாது என்பதற்காக நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

சொந்தத் தொழில்

மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவு: நகரத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம், நம் கையில் இருந்து போட வேண்டியது 5 சதவீதம். மானியம் உடனே கையில் வராது, கடன் கணக்கோடு வைப்பாக இருக்கும். தவணையை ஒழுங்காகக் கட்ட வேண்டும். தையல் தெரிந்தவர்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரத்தை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையே தருகிறது. கடையா, பட்டறையா என்பதைவிட இடம் எது என்பது முக்கியம். மூன்று படி ஏறும் கடையை வாடகை குறைவு என்று பிடிக்காதீர்கள்.

அரசுத் தேர்வு

4 சதவீதத்தைச் சட்டம் நான்காகப் பிரிக்கிறது. பார்வைக்கு 1, செவிக்கு 1, கை கால் இயக்கத்துக்கு 1. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1. 21 வகையும் இதற்குள் வராது. தலசீமியா, ஹீமோஃபீலியா போன்ற ரத்தக் குறைபாடுகள் இந்தப் பட்டியலில் இல்லை. அறிவிப்பில் ஒவ்வொரு பதவிக்கும் எதிரே எந்தக் குறைபாடு பொருந்தும் என்று சுருக்கெழுத்தில் இருக்கும். ஓ.எல். என்றால் ஒரு கால், ஓ.ஏ. ஒரு கை, எல்.வி. குறைந்த பார்வை, எச்.எச். செவித்திறன் குறைவு. உங்கள் எழுத்து இல்லாத பதவிக்கு விண்ணப்பித்து ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள்.

டி.என்.பி.எஸ்.சி.யில் தேர்வுக் கட்டணம் இல்லை, வயது வரம்பில் 10 ஆண்டு தளர்வு. எழுத முடியாதவர்களுக்கு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தரும் எழுத்தர், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். தேர்வு மையத்தில் போய்க் கேட்டால் நடக்காது. எழுத்தரோடு வீட்டில் பழைய வினாத்தாள்களை வைத்துப் பழகிப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். சொல்வதும் எழுதுவதும் ஒத்துப்போக நாள் ஆகும்.

சேர்ந்த பிறகு

சம்பளம் சொந்த வங்கிக் கணக்குக்கு வரட்டும், ஏ.டி.எம். கார்டு அவர் கையில் இருக்கட்டும். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் மற்றவர்களுக்குச் சம்பள வரம்பு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000. சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் கணக்குப்பிள்ளை தெரியாமல் பெயரை எடுத்துவிடலாம், கவனியுங்கள். வருவாய்த்துறை உதவித்தொகை வாங்குபவர்கள் வேலையில் சேர்ந்ததைத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. மறைத்து வாங்கிய பணத்தைப் பிறகு திருப்பிக் கேட்டால் தலைவலி.

பிரச்சினை வந்தால் முதலில் கம்பெனிக்குள் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு. அதற்கு மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவர் மாற்றுத்திறனாளி ஆகிவிட்டால் அவரை வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று சட்டம் சொல்கிறது. விபத்துக்குப் பிறகு "விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்க" என்று யாராவது நைச்சியமாகச் சொன்னால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

தனியார் வேலை கிடைத்துவிட்டது என்று வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைக் கைவிட்டுவிட வேண்டாம். அந்த உதவித்தொகை மட்டும்தான் நிற்கும். பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வாருங்கள்.